புற்றுக்கு ஊற்றிய பால்

கொசு மருந்தின் அந்த எலுமிச்சைக் கசப்பு வாசனை எங்காவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் இடது கை மட்டும் கூசுகிறது. சித்தி அந்தக் களிம்பை உள்ளங்கையில் பிதுக்கி, முதலில் என் தங்கை ஷாலுவின் முகம், கழுத்து, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு இடமாகப் பொறுமையாகத் தேய்த்துவிட்டு, கையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை என் இடது கையில் துடைத்துக்கொள்வாள். தடவினாள் என்று சொல்ல மாட்டேன், துடைத்துக்கொண்டாள். ஆஸ்திரேலியக் கொசுக்களுக்குக்கூட அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. ஷாலுவைச் சீண்டாமல் விட்டுவிட்டு என் வலது கையை மட்டும் பதம் பார்த்தன.

எனக்கு அப்போது பதினொரு வயது, ஷாலுவுக்கு ஆறு. பெங்களூர் ஆடுகோடியில், அப்பா வேலை செய்த லேத் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பாவின் தம்பி, அதாவது எங்கள் சித்தப்பா, ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் டார்வின் என்ற ஊரில் எஞ்சினியராக இருந்தார். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் அவருக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. அந்த மே மாதம் அம்மாவையும் எங்கள் இருவரையும் டிக்கெட் அனுப்பி வரவழைத்தார். "சும்மா சுத்திப் பாத்துட்டு வரப் போறாங்க" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா இல்லை என்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தியைச் சித்தப்பா தத்து எடுத்துக்கொள்வதென்று பேச்சு. எந்த ஒருத்தி என்பதை, கொஞ்ச நாள் கூட வைத்திருந்து பார்த்துச் சித்தி முடிவு செய்வாள். "ரெண்டு பொண்ணு இருக்குதில்ல, ஒண்ணாச்சும் நல்லா இருக்கட்டுமே" என்று அப்பா, பக்கத்தில் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, எங்களுக்குக் காது இல்லாததுபோல் சொன்னார். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அம்மாவின் சம்மதங்கள் எல்லாமே அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டவைதான்.

எனக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓட வேண்டாம், பட்டறையின் கிரீச் சத்தத்தில் படிக்க வேண்டாம், தனியாக ஒரு கட்டில் கிடைக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஷாலுவுக்கு எந்த ஆசையும் கிடையாது. அம்மாவின் முந்தானை நுனி வாய்க்கு எட்டினால் போதும், அவளுக்கு உலகம் சரியாக இருக்கும்.

டார்வினில் மழைக்காலம் முடிந்து காட்டுப் பாதைகளைத் திறந்துவிட்டதும், அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் நான்கு சேர்ந்து பெரிய சக்கர வண்டிகளில் தேசியப் பூங்காக்களுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது வருடாந்திர வழக்கம். எங்களைப் பரிசோதிப்பதையும் அந்தப் பயணத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பூங்கா என்றதும் நான் லால்பாக்கை நினைத்திருந்தேன். பூப்பாத்திகளும் கண்ணாடி மாளிகையும் வேர்க்கடலை விற்பவரும் இருப்பார்கள் என்று. அங்கே போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மண் புழுதி, அடி கருகி நுனி பச்சையாக நின்ற மரங்கள், ஆற்றங்கரை தோறும் வாயைப் பிளந்த முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள். "பயப்படாதீங்கக்கா, முதலைக்கு எலும்பும் தோலும் பிடிக்காது" என்று நளினி ஆன்ட்டி என்னைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் வாய் ஜாஸ்தி உள்ளவள் அவள்தான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்து வைத்தாள்.

முதல் நாளே அம்மா ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். பெங்களூரில் நாங்கள் கூடாரத்தை "டேரா" என்றுதான் சொல்வோம். "எங்க டேரா எது தம்பி?" என்று சித்தப்பாவிடம் கேட்டுவிட்டாள். சித்தி குரலைத் தாழ்த்தாமலே, "டென்ட்னு சொல்லுங்கக்கா. ஊர்லேர்ந்து வந்து டேரா போட்டுட்டாங்கன்னு இவங்கல்லாம் வேற மாதிரி எடுத்துக்கப் போறாங்க" என்றாள். வேறு மாதிரி எடுத்துக்கொள்ள அதுவரை யாருக்கும் தோன்றியிருக்காது. சொன்ன பிறகு எல்லோருக்கும் தோன்றியது. அதற்கப்புறம் அம்மா அந்தப் பொருளுக்குப் பெயரே சொல்லவில்லை, கையைத்தான் காட்டினாள். நான்கு குடும்பங்களுக்கும் காலை நஷ்டா, மதியச் சாப்பாடு, சுக்குக் காப்பி எல்லாம் அவள் பொறுப்பில் எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. "அக்கா கை பட்டா ரசமே தனி" என்று ஒருத்தி சொன்னாள், கரண்டி கைமாறியது, அவ்வளவுதான். மற்றவர்கள் படகில் போய் முதலை பார்த்தபோது அம்மா பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களை அவர்கள் பார்த்தது, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சொஜ்ஜியைத் தின்றுவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்வார்கள். இவர்கள் எதிரிலேயே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். நான் ஸ்பூனால் சோறு சாப்பிட்டுக் காட்டினேன், ஆங்கிலப் பாட்டு ஒப்பித்தேன், எல்லோருடைய தட்டையும் கேட்காமலே கழுவினேன். கழுவியதுதான் தப்பாகப் போயிற்று. "பெரியவ சமத்துதான், ஆனா வேலைக்காரப் பழக்கம் வந்துடுச்சு" என்றாள் நளினி ஆன்ட்டி. "நிறமும் அண்ணி மாதிரி" என்றார் சித்தப்பா. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏதோ வண்டியின் மைலேஜ் சொல்வதுபோல் சொன்னார். பாறை மேலிருந்து அருவி விழும் ஒரு குளத்தில் குளிக்கப் போனபோது நான் பயத்தில் கரையிலேயே நின்றேன். ஷாலு, அம்மா கூப்பிடக் கூப்பிட, உடுத்திய துணியோடு சித்தப்பாவின் கையில் குதித்துவிட்டாள். கூட்டமே கை தட்டியது. "சின்னதுன்னா மாத்திக்கலாம். பெரிசுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யாரென்று நினைவில்லை. மற்றதெல்லாம் அவர்கள் பயந்தபடியே நினைவிருக்கிறது.

அடுத்த நாள் போகும் வழியில்தான் அந்தப் புற்றுகள் வந்தன. இரண்டு ஆள் உயரம், சிலது அதற்கும் மேல், புல்வெளி முழுக்கக் கோபுரம் கோபுரமாக நின்றன. அம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணி, இது வெறும் கரையான் கட்டினது. இதுல பாம்பு கீம்பு கிடையாது" என்று சித்தப்பா முன்சீட்டிலிருந்து சொன்னார். "உங்களுக்குத் தெரியாது தம்பி, இவ்ளோ பெரிய புத்துல அம்மா இல்லாம இருக்க மாட்டா" என்றாள் அம்மா. அந்தப் பயணத்திலேயே அவள் ஒருவரை மறுத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். குழந்தை இல்லாதவர்களுக்காகப் புற்றுக்குப் பால் ஊற்றி வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. சித்திக்கு ஒரு குழந்தை பிறந்துவிட்டால் தன் குழந்தை தன்னிடமே இருந்துவிடும் என்று அம்மாவின் மனம் ஓடியிருக்கிறது. வேறு யாரிடமும் கேட்க அவளுக்கு வழி இல்லை, அதனால் கரையானிடம் கேட்கப் போனாள்.

மறுநாள் காலை, கூடாரங்களுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு புற்றருகே அம்மா குளித்த ஈரத் தலையோடு போனாள். சமையல் பெட்டியிலிருந்து மஞ்சள்தூளை எடுத்துப் புற்றில் அப்பி, குங்குமம் வைத்து, காப்பிக்கு வைத்திருந்த பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, சுற்றி வந்து ஊற்றினாள். நான் பின்னாலேயே நின்றேன். பால் அந்தக் காய்ந்த மண்ணில் இறங்காமல் வழிந்து அவள் காலடிக்கே வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த நளினி ஆன்ட்டி பார்த்துவிட்டாள். "ரேவதி, சீக்கிரம் வா, உனக்குத்தான் பூஜை நடக்குது" என்று சித்தியைக் கூவி அழைத்தாள். நான்கு குடும்பமும் வந்து நின்றது; ஒருவர் கேமராவை எடுத்தார். சித்தி தன் சிநேகிதிகளிடம் பெற்றுக்கொள்ள வேண்டாம், உறவில் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கலாம் என்று தாங்களாகவே முடிவு செய்ததாகச் சொல்லி வைத்திருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா அவளைப் பார்த்து, நல்லது செய்த முகத்தோடு, "உனக்கு ஒரு புள்ள தங்கணும்னு வேண்டிக்கிட்டேன் ரேவதி. நீயும் வந்து கும்பிட்டுக்கோ" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். சித்தியின் முகம் கறுத்துச் சிறுத்துப் போயிற்று. "ரெண்டுல ஒண்ணக் குடுக்க மனசு வரல. அதான் மண்ணுக்குப் பால் ஊத்தறீங்க" என்றாள். அப்புறம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷாலுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "இவதான். இனிமே இவ எங்க வண்டியில வரட்டும்" என்று தூக்கிக்கொண்டு போனாள். சித்தப்பா மஞ்சள் பூசிய புற்றைப் பார்த்தபடி நின்றுவிட்டு, அவள் பின்னாலேயே போனார்.

என்னையும் அம்மாவையும் நளினி ஆன்ட்டியின் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். முன்னால் போன சித்தப்பாவின் வண்டி கிளப்பிய செம்புழுதி முழுக்க எங்கள் கண்ணாடியில் வந்து விழுந்தது. அந்தப் புழுதிக்குள், அவர்கள் வண்டியின் பின்கண்ணாடியில் ஷாலுவின் இரண்டு உள்ளங்கைகளும் தெரிந்து தெரிந்து மறைந்தன. பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது அம்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஷாலு அழுகையை நிறுத்திவிட்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள், வாயெல்லாம் ஆரஞ்சு நிறம். "விடுங்கக்கா, நான் தொடச்சுக்கறேன்" என்றாள் சித்தி. ஷாலு ஐஸ்கிரீமிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா துண்டோடு திரும்பி வந்து, மிச்ச வழி முழுக்கச் சத்தம் வராமல் அழுதாள். நான் அவள் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவள் கை வரவே இல்லை. வேண்டாம் என்று சித்தி ஒதுக்கியது ஒருவிதம். மிச்சம் ஒருத்தி இருக்கிறாளே என்று பெற்றவளே கண்ணெடுத்துப் பார்க்காதது இன்னொரு விதம். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பேப்பர் வேலைகள் முடிய ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடம் ஷாலு ஆடுகோடி வீட்டில் விருந்தாளியாக இருந்தாள். அவள் பென்சிலை நான் பிடுங்கினால், "அடுத்த வீட்டுப் பொண்ணப் பேஜார் பண்ணாத" என்று அப்பா அதட்டுவார். பிறகு ஒருநாள் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். முதலில் அம்மாவை "அம்மா" என்றாள், சில மாதத்தில் "பெங்களூர் அம்மா" என்றாள். பிறகு, முறைப்படி எது சரியோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், "பெரியம்மா" என்றாள். அன்று அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த வருடம் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான் கதை கட்டவில்லை, பிறந்தது. அப்பா ஸ்வீட் வாங்கி வந்து பட்டறையில் எல்லோருக்கும் கொடுத்தார். அம்மா மட்டும், "புத்துக்குக் காது கேட்டிருக்கு, கொஞ்சம் லேட்டாக் கேட்டிருக்கு" என்றாள். இனி ஷாலுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று அவள் அப்பாவிடம் கேட்டதையும், "குடுத்த பொருளத் திரும்பக் கேக்கிறதா? மானம் மரியாதை வேணாமா?" என்று அவர் கத்தியதையும் தெருவே கேட்டது.

இப்போது அந்த லேத் பட்டறை இல்லை. அந்த இடத்தில் வைட்ஃபீல்டுக்கு ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல் நிற்கிறது. அப்பாவும் இல்லை. நானும் அம்மாவும் அதே தெருவில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். சென்ற மாதம் ஷாலு ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் வந்தாள். வைட்ஃபீல்டில் பெரிய ஹோட்டலில் தங்கிக்கொண்டு, ஒரு மாலை கேப் பிடித்து எங்களைப் பார்க்க வந்தாள். "அக்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும் பெயர் மாறவில்லை. கூடப் பிறந்தவளும் அக்காதான், பெரியப்பா மகளும் அக்காதான், தமிழ் என்னளவில் கருணை காட்டியிருக்கிறது. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாம்மா. அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். "நல்லா இருக்காங்க, உங்களை ரொம்ப விசாரிச்சாங்க" என்றாள் ஷாலு.

நான் காப்பி போட உள்ளே போனேன். எனக்கும் ஷாலுவுக்கும் குரல் ஒரே மாதிரி; போனிலேயே பலர் மாற்றிப் பேசியிருக்கிறார்கள். சர்க்கரை டப்பா கைக்கு அகப்படவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தபோது, அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஷாலுவின் வாயையே பார்த்துக்கொண்டு, "என்னடா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷாலு கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "நான் கூப்பிடல, பெரியம்மா" என்றாள்.