நாலு கண்டும் ஓட்டை வாளியும்

கஞ்சா வளர்க்கும் சாமான் விற்கிற கடையில் நிற்பவள் முதலில் பழக வேண்டியது, வாடிக்கையாளர் சொல்கிற பொய்க்குச் சிரிக்காமல் தலையாட்டுவது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் விளங்கும். செருப்புக் கடையில் கால் அளவைக் குறைத்துச் சொல்வார்கள். மருந்துக் கடையில் வருத்தம் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்பார்கள். எங்கள் கடையில் எல்லாமே தக்காளி.

கடை அஜின்கோர்ட்டில், ஒரு கொத்துரொட்டிக் கடைக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது. நாங்கள் கஞ்சா விற்பதில்லை, விதையும் விற்பதில்லை. லைற், கூடாரம், உரம், வாளி, தேங்காய்த் தும்புத்தூள், இவ்வளவுதான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில் சட்டப்படி ஒரு வீட்டில் நாலு கஞ்சாச் செடி வளர்க்கலாம். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒன்றைக் கண்டுபிடித்தேன்: உண்மையான தக்காளிக்காரர் கன்றுகளை எண்ணுவதில்லை. "ஒரு நாலு கண்டு" என்று யாராவது தொடங்கினால் எனக்கு விளங்கிவிடும்.

நான் ஒருநாளும் புகைத்ததில்லை. ஒரு கறிவேப்பிலை மரத்தைப் பதினாறு பனிக்காலம் சாகவிடாமல் வீட்டுக்குள் வைத்திருந்தது ஒன்றுதான் என் தகுதி. போர்த்துக்கீச முதலாளி அதன் படத்தை என் போனில் பார்த்துவிட்டு வேலையைத் தந்தார். சொந்தக்காரருக்கு மட்டும் "தோட்டச் சாமான் கடை" என்று சொல்லி வைத்திருந்தேன்.

இந்த வருடம் அந்தப் பாதி உண்மைக்குக் கண்டம் வந்தது. மகள் ஆரணி தனக்கு ஒரு பெடியனைப் பார்த்துவிட்டாள். ஸ்ரௌவ்வில் என்கிற பக்கத்து ஊரில் குடும்பம். எனக்கும் பெடியனைப் பிடித்துக்கொண்டது. ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தாங்களே விரும்பினாலும், பெற்றோர் வந்து கதைக்க முதல் மற்றப் பகுதியைப் பற்றி விசாரிப்பார்கள். தாய் என்ன வேலை, தகப்பன் எப்படி, எல்லாம். அந்த விசாரிப்பிலேயே குழம்பிப்போன கல்யாணங்கள் எனக்குத் தெரியும். ஆரணிக்கும் தெரியும். என்னைக் குசினியில் அடுப்புக்கு முன்னால் மறித்து நின்று சொன்னாள்: "அம்மா, ஆரும் கேட்டா கார்டன் சென்டர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பிளீஸ். இற்ஸ் நொட் ஈவின் எ லை, பொய்கூட இல்லை."

சிநேகிதனின் கூடாரம்

கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒருவர் வந்தார். அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டே பேசினார். சிநேகிதன் ஒருவன் வீட்டுக்குள் தக்காளி போடப் போகிறானாம், அவனுக்குக் கூடாரம் வேண்டுமாம். வைக்கிற அலுமாரி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கையைத் தூக்கி, உச்சந்தலை இடிக்கிற இடத்தைத் தடவிக் காட்டினார். சிநேகிதனின் அலுமாரியில் இவர் தலை ஏன் இடித்தது என்று அறிய எனக்குப் பெரிய ஆவல். கேட்கவில்லை. அகலத்தை மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என்ர மனுசியின்ர சாறியளை அங்கால எடுத்து வைச்சா மூண்டடி வரும்."

பொங்குகிற கட்டி

தும்புத்தூள் செங்கல் போல அமுக்கின கட்டியாக வரும். வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், பார்த்துக்கொண்டு நிற்கவே பொங்கி வாளியை நிறைத்துவிடும். நூறு தரமாவது செய்து காட்டியிருப்பேன், இன்றும் எனக்கு அலுக்கவில்லை. பார்க்க மண்ணைப் போல இருந்தாலும் அதற்குள் செடிக்குச் சாப்பாடு ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றையும் விடும், அவ்வளவுதான். சாப்பாட்டை உரத்தண்ணியாகக் கரைத்து நாங்கள்தான் ஊட்ட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை வயதான அண்ணை ஒருவருக்கு இதைச் செய்து காட்டினேன். அவர் கட்டி பொங்குவதைப் பார்க்கவே இல்லை. கிழித்துப் போட்ட பிளாஸ்ரிக் உறையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எங்கே செய்தது என்று வாசித்தார். இலங்கை. இன்னொரு தரம் வாசித்தார். பிறகு உறையை மடித்துக் கவுண்டரில் வைத்தார். "எனக்கு இஞ்சை வந்துசேர ஒன்பது வருசமும் மூண்டு நாடும் பிடிச்சது தங்கச்சி. இந்தத் தேங்காய்ப் பொச்சுமட்டையை ஆரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லைப் போல."

மிளகாய்க்காரர்

குழாய் வேலை செய்கிற ஒரு முஸ்லிம் நானா லைற் வாங்க வந்தார். மிளகாய்க்கு என்றார். நான் வழக்கமான தலையாட்டலை ஆட்டினேன், கொஞ்சம் புன்னகையும் வந்துவிட்டது போல. அவர் லைற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வந்து, ஒரு பை நிறையச் சிவப்பு மிளகாயைக் கவுண்டரில் கொட்டினார். எனக்கு உண்மையாகவே வெட்கமாகிவிட்டது. "தக்காளி எண்டு பொய் சொல்றவனையெல்லாம் நம்புறீங்க. கொச்சிக்கா எண்டு உண்மையைச் சொன்ன என்னையப் பார்த்துத்தான் சிரிச்சீங்க."

ஓட்டை வாளி

கடையில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் ஒரு சாதாரண வாளி. அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், பக்கவாட்டில் ஒரே ஒரு ஓட்டை. அடியில் பொரி போன்ற வெள்ளைக் கல் போடுவோம், பேர்லைற் என்று பெயர். அதற்கு மேல் தும்புத்தூள். மேலிருந்து ஊற்றுகிற உரத்தண்ணி ஓட்டையால் வழியத் தொடங்கினால் போதும் என்று அர்த்தம். ஓட்டைக்குக் கீழே தேங்கி நிற்கிற தண்ணீரைத் தும்பு மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொள்ளும். பம்ப் இல்லை, மோட்டர் இல்லை, கரண்ட் இல்லை. இரண்டு நாள் மறந்துபோனாலும் செடி கோபிக்காது.

பனி இளகத் தொடங்கிய நாட்களில் ஒரு அண்ணை வந்தார். கபிலக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார், கடைக்குள்ளும் கழற்றவில்லை. மற்றவர்கள் லைற்றைப் பார்ப்பார்கள், இவர் என்னைப் பார்த்தார். எத்தனை வருடமாக இங்கே வேலை? பொலிஸ் வருமா? வருகிற ஆட்கள் மரியாதையானவர்களா? இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும் என்று விளங்காமல், வாளியைத் தூக்கி அவருக்கு முன்னால் வைத்தேன். அதோடு கேள்விகள் மாறிவிட்டன. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முப்பது வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒழுகுகிற குழாய்களைத் திருத்தினவராம். ஓட்டை உள்ள வாளியைக் கடையில் விற்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனாலும் மோட்டர் இல்லாமல் தண்ணீர் எப்படி மேலே ஏறும் என்று மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் தும்பைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னார்: "சரி தங்கச்சி, உதிலை நாலு தாங்கோ. சும்மா, தக்காளிக்கு."

குசினி ஆராய்ச்சி

அந்த அண்ணை கேட்ட கேள்வி என்னையும் விடவில்லை. தண்ணீர் மேலே ஏறுவது சரி, வேர் என்ன செய்கிறது? ஒரு சின்னக் கறிவேப்பிலைக் கன்றை ஓட்டை வாளியில் வைத்து, மூன்று மாதம் கழித்துக் குசினி நிலத்தில் பேப்பர் விரித்துக் கவிழ்த்தேன். மேலே தும்புக்குள் மயிர் போன்ற மெல்லிய வேர்கள். கீழே தண்ணீர் நின்ற இடத்தில் தடித்த வெள்ளை வேர்கள். ஒரே செடி, இரண்டு விதமாகச் சீவிக்கிறது! சந்தோசம் தாங்காமல் கணவரைக் கூப்பிட்டேன். அவர் பிறம்ரனிலிருந்து லொறி ஓட்டிக் களைத்து அப்போதுதான் வந்திருந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கறிக்கு இலை கேட்டா நீர் எனக்கு வேரைக் காட்டுறீர்."

அடைத்தவர்

தொப்பி அண்ணை வாளி வாங்கி இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். கறுப்புப் பையால் சுற்றி வாளி ஒன்றையும் கொண்டுவந்தார். தண்ணீர் ஊற்ற ஊற்றக் கன்று வாடுகிறதாம். பையை விலக்கினேன், குளத்து மணம் அடித்தது. வாளியைத் திருப்பினேன். ஓட்டையைக் காணவில்லை. சிலிக்கன் பூசி, காயவிட்டு, மினுக்கி, ஓட்டை இருந்த தடமே தெரியாமல் அடைத்திருந்தார். நாலு வாளியையும் அப்படித்தானாம்.

நான் ஏசிவிட்டேன். வேருக்கு மூச்சு வேண்டாமா, அதுகளைத் தண்ணிக்குள் அமிழ்த்திக் கொல்லுகிறீர்களே என்று கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரித் தலையைக் குனிந்து நின்றார். பிறகு கடையின் டிறில்லை வாங்கி, அதே இடத்தில் தானே துளைத்தார். தேங்கின தண்ணீர் நிலமெல்லாம் ஓடியது. அதையும் தானே துடைத்தார். "முப்பது வருசம் ஒழுகினதையெல்லாம் அடைச்ச கை தங்கச்சி. சும்மா இருக்கமாட்டன் எண்டுது."

மணம்

அதற்குப் பிறகு அவர் கிழமைக்கு ஒருதரம் வந்தார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. இலை நுனி ஏன் காய்கிறது, உரம் கூடிவிட்டதா, தண்டு ஏன் சிவக்கிறது, இவைதான் கேள்விகள். நானும் அவர் வரவைப் பார்த்திருக்கத் தொடங்கினேன். கோடை வந்தது. ஒருநாள் குரலைத் தாழ்த்தி மணத்தைப் பற்றிக் கேட்டார். கஞ்சா பூத்தால் ஸ்கங்க் மணம் வரும். ஸ்கங்க் என்பது இங்கே வீட்டு வளவுகளில் திரிகிற, வாலைத் தூக்கி நாற்றம் பீச்சுகிற பிராணி. கரி வடிகட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, வீட்டில் என்ன சொல்லிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். "மணம் ஆரம்பிச்ச நாளிலையிருந்து வீட்டுக்குக் கீழ ஸ்கங்க் குடிவந்திட்டுது எண்டு மனுசிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெடியன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆரணி காலையிலிருந்து எனக்கு "கார்டன் சென்டர்" பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தேன். பெடியன், தாய், பின்னால் கோட் சூட்டில் வழுக்கைத் தலையோடு தகப்பன். அந்தத் தலையை நான் கண்டதே இல்லை. ஆனால் "வணக்கம்" என்ற குரல் எனக்குத் தெரியும். தொப்பி இல்லாத தொப்பி அண்ணை.

எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்போதுதான் விளங்கின. அவர் வந்தது என்னை விசாரிக்க. அவரோ என்னைத் தெரியாதவர் போலச் சுவரில் இருந்த படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாய் ஒரு பலகாரத்தைக் கடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டா, நான் எந்தக் கடையில் வேலை செய்கிறேன் என்று.

ஆரணி என்னையே பார்த்தாள். அவளுடைய கல்யாணம் என் வாயில் நின்றது. சொல்ல வேண்டிய சொல் தொண்டைவரை வந்தும் விட்டது. ஆனால் வாளியோடு தலைகுனிந்து நின்ற மனிதருக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை இவ்வளவு நாள் ஒளித்து வைத்ததுதான் வெட்கமாக இருந்தது. "கஞ்சா வளர்க்கிற சாமான் விக்கிற கடை அக்கா," என்றேன். "வாளி, தும்பு, லைற். எல்லாம் சட்டப்படிதான்."

ஆரணி கண்ணை மூடிக்கொண்டாள். என் கணவர் கார்ப்பெற்றைப் பார்த்தார். தாய் மெல்லத் தன் கணவரிடம் திரும்பினா. "விசாரிக்கப் போன நீங்கள் கார்டன் சென்டர், நல்ல மனுசி எண்டெல்லோ வந்து சொன்னனீங்கள்?"

"நல்ல மனுசிதான்!" அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "அவ ஏசி அந்த ஓட்டையைத் திறக்கப் பண்ணினாப் பிறகு பாரும், என்ர நாலு கண்டும் இடுப்பளவுக்கு வந்திட்டுது!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. பெடியன் கையால் முகத்தை மூடினான். தாய் கோப்பையைக் கீழே வைத்தா. நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவ கணவரைப் பார்த்தா, காற்றை மோந்து பார்ப்பது போல மூக்கு ஒருதரம் சுருங்கியது, பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னா: "நாளைக்கு ஸ்கங்க் பிடிக்க ஒரு ஆளை வரச்சொல்லியிருக்கிறன் தங்கச்சி. முதல்ல இவர் அவனுக்குப் போன் எடுத்து வரவேண்டாமெண்டு சொல்லட்டும், பிறகு நாங்கள் இருந்து பிள்ளையளுக்கு நாள் பாப்பம்."

ஆகவே, என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களே, உங்களை விசாரிக்க வருகிறவரிடம் ஒன்றையும் ஒளிக்க வேண்டாம், முடிந்தால் ஒரு நாலு வாளியை விற்றுவிடுங்கள்.