வெள்ளத்தில் நான் கொடுத்த அடி

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மதுரையில் ஒரு பஞ்சாலையில் வேலை. ஒரு மழைக்காலத்தில் வைகை வெள்ளம் மூன்று பேரை அடித்துக்கொண்டு போன பிறகு, ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு தொண்டர் படை அமைத்தார்கள். நீச்சல் தெரிந்த ஏழு பேர் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வண்டியூர்க் கண்மாயில் பயிற்சி.

பயிற்சி தந்தவர் வளையல் கடை வைத்திருந்த முஸ்லிம். எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. நீச்சலைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒருவன் மூழ்க வேண்டும், இன்னொருவன் போய் இழுத்துவர வேண்டும். மூழ்குகிறவன் நிஜமாகவே சண்டை போட வேண்டும் என்பது அவர் கட்டளை. கழுத்தை இறுக்கலாம், கடிக்கலாம், தலையைப் பிடித்து அமுக்கலாம். முதல் வாரமே அவர் என் தோளில் ஏறி என்னை அடிச் சேறுவரை அழுத்தினார். கரையேறி வாந்தியெடுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்:

"முங்குறவனுக்கு நீ ஒரு மரக்கட்டை. ஒம் மேல ஏறி நிக்கத்தான் பாப்பான். பின்பக்கமாப் போயி முடியப் பிடி. அவன் ஒன்னையப் பிடிச்சுட்டா தாடையில அடி. விட்டதும் நிறுத்திரு."

எனக்கு அடிக்கக் கை வரவில்லை. ஆலையில் என்னோடு வேலை செய்த, படையிலும் சேர்ந்திருந்த ஒருவன் ஒருநாள் மூழ்குகிறவனாக இருந்தபோது தண்ணீருக்குள் என் சுண்டுவிரலை முறுக்கி ஒடித்துவிட்டான். வலியில் ஓங்கிக் குத்தினேன். அவன் உதடு கிழிந்தது. அப்போது எனக்குள் வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மறுபடி வெள்ளம். மிதந்து வந்த மரத்தைப் பிடிக்கப் போன ஒருவரைச் சுழல் இழுத்தது. நான் குதித்தேன். பின்பக்கமாகப் போவதற்குள் அவர் திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் உள்ளே போனோம். மேலே வந்ததும் தாடையில் அடித்தேன். பிடி தளர்ந்தது. மறுபடி அடித்தேன். பல் உடைவது என் விரல் முட்டியில் தெரிந்தது. இன்னொன்றும் அடித்தேன்.

முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தபோது அவருடைய தம்பிகள் காத்திருந்தார்கள். தூரத்திலிருந்து அவர்கள் பார்த்தது அடியை மட்டும்தான். என்னை மணலில் தள்ளி மிதித்தார்கள். ஒருவன் மரக்கொம்பால் முதுகில் போட்டான். வளையல் கடைக்காரர் ஓடிவந்து என் மேல் விழுந்து மறைத்தார். அடி அவருக்கும் விழுந்தது. கிடந்தவர் தண்ணீரைக் கக்கி இருமிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

நான்கு நாள் கழித்து, நான் கரைசேர்த்தவர் ஆலை வாசலுக்கு வந்தார். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. தம்பிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு தயங்கிச் சொன்னார்: "மொத அடியிலேயே நான் விட்டுட்டேண்ணே. எனக்கு ஞாபகம் இருக்கு. பெறகு ஏன் அடிச்சீக?"

தண்ணீருக்குள் எதுவும் தெரியவில்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது. தாடையைப் பிடித்துக்கொண்டு செல்லூர்ப் பக்கம் நடந்துபோனார்.

அடுத்த ஞாயிறும் கண்மாய்க்குப் போனேன். இனிக் கொஞ்ச நாள் மூழ்குகிறவனாகவே இருக்கிறேன் என்று வளையல் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஆழமான பக்கத்தைக் காட்டி, இறங்கச் சொன்னார்.