முதல் கல்லூரி மாணவி அமலா

திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கத்தில் உள்ள எங்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள் அமலா. ஆண்டின் நடுவிலேயே அவளை நிறுத்தினார் அப்பா ஆரோக்கியராஜ். கரும்பு வெட்டப் போகிறவர். திண்டிவனத்தில் ஒரு கடை மாடியில் தொழிற்கல்லூரி; இரண்டு வருட நர்சிங் டிப்ளமோ; பத்தாவது போதுமாம். பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று தலைமையாசிரியரான நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"காலேஜே கூப்புடுது சார். இன்னும் ஸ்கூல்ல குந்திக்கினு இன்னா பண்ணுவா? ஜல்தியா டிசி குடுங்க."

கொடுத்துத் தொலைத்தேன். மறுநாள் காலனி முனையில் அவள் படத்தோடு பேனர்: 'எங்கள் ஊரின் முதல் கல்லூரி மாணவி'. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வேறு வரைந்து மாட்டியிருந்தார்கள்.

படிப்பில் பாதி நாள் ஏதோ ஒரு மருத்துவமனையில் பெட்பேன் கழுவியதுதான். ஆனாலும் கெட்டிக்காரி, வேலையைக் கற்றுக்கொண்டாள். டிகிரி முடித்து அரசு மருத்துவமனையில் நர்சாக வேண்டும், அந்த ஒரே ஆசையோடு விழுப்புரத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போனாள். அலுவலகத்தில் இருந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டினார்.

"பன்னெண்டாவது மார்க் ஷீட் எங்கம்மா?"

"டிப்ளமோ இருக்குதுங்களே மேடம்."

"இத வச்சி டிகிரி சேர முடியாதும்மா."

மறுபடி பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னேன். கல்லூரி முடித்த மகள் திரும்பப் பள்ளிக்கூடம் போனால் காலனியில் எப்படித் தலைகாட்டுவது என்றார் ஆரோக்கியராஜ். அதோடு போயிற்று.

ஆறு வருடம் கழித்து, இந்த ஜூனில் அமலா வந்தாள். வெள்ளைக் கோட்டு. அதே திண்டிவனத்துக் கல்லூரியில் பயிற்றுநராம். பத்தாவது தேறிய பெண்களின் பட்டியல் வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கே மனசு வருதாம்மா?"

"இருவது பேர சேத்தாதான் சார் வேலை நெலைக்கும். எனக்கு வேற எங்க சார் குடுப்பாங்க?"

"காலேஜுன்னுதான் சொல்லுவியா?"

"போர்டுல அப்படித்தான சார் போட்டிருக்கு." என் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டியலைத் தரவில்லை. ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு. அடுத்த வாரமே மூன்று அப்பாக்கள் டிசி கேட்டு வந்து நின்றார்கள். எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர்களில் ஒருவர், பத்தாவது தேறிய ஜெசிந்தாவின் அப்பா சவுரிராயன், சிரித்தார்.

"நம்ம அமலாவே வூடு வூடா வந்து சொல்லிச்சி சார். படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியாதா?"

மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன்.