சந்துப் பக்கத்துப் படி

படம் ஓடும்போது வெர்லீன் டோல்பர்ட் திரையைப் பார்ப்பதே இல்லை. திரைக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பின் முகங்களைப் பார்த்தபடி நிற்பார். எவன் எந்த இடத்தில் நெளிகிறான் என்று அவருக்குத் தெரியவேண்டும். சரியாக அங்கே படத்தை நிறுத்திவிடுவார். “ஏன் நெளியிற? சொல்லு. தலையைக் குனிஞ்சா விட்டுருவேனா?”

அலபாமாவின் ஹார்லன் ஃபெரி உயர்நிலைப் பள்ளியில் நாற்பது வருடமாக இலக்கியம் நடத்துகிறார். நிறப் பிரிவினைப் பாடத்துக்கு அவரிடம் ஒரு நாவல், ஒரு படம், கடைசியாக ஒரு படிக்கட்டு. நாவலின் பக்க ஓரங்களில் மாணவர்கள் தங்கள் கோபத்தை எழுதவேண்டும். ஓரத்தைக் காலியாக விட்டவனுக்கு மதிப்பெண்ணும் காலி. “அழுவாதீங்க. அழுதா மனசு லேசாயிடும், வீட்டுக்குப் போயி கோழி வறுவலைத் தின்னுட்டுத் தூங்கிருவீங்க. கோவப்படுங்க!” என்பார்.

அந்த இரும்புப் படிக்கட்டு மக்னோலியா திரையரங்கின் சந்துப் பக்கத்தில் இருந்தது. வெள்ளையர் முன்வாசலில் நுழைந்த காலத்தில், கறுப்பர் அதில் ஏறித்தான் மாடிக்குப் போகவேண்டும். ஐந்து வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி வெர்லீனும் ஏறியிருக்கிறார். ஆண்டுதோறும் பாடத்தின் கடைசி நாளில், வெள்ளை கறுப்பு பாராமல் மொத்த வகுப்பையும் அதன் வழியே ஏற்றி, மாடியின் மரப்பலகையில் உட்காரவைத்து மிச்சப் படத்தைக் காட்டுவார். இடுப்பு வலிக்கிறது என்று யாராவது முனகினால், “நல்லா வலிக்கட்டும்” என்பார்.

இந்த வருடம் திரையரங்கைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த குழுவில் தலைமையாசிரியர் பிரென்ட் ஹேலியும் ஒருவர். வெள்ளையர், வெர்லீனிடம் படித்தவர். வெர்லீன் வகுப்போடு சந்துக்குள் திரும்பினார். படிக்கட்டைக் காணோம். மேலே கதவிருந்த இடத்தில் புதுச் செங்கல். போல்ட்டைப் பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் சுவரில் சாய்வாக ஏறிப் போயின.

விறுவிறுவென்று முன்பக்கம் வந்தார். பிரென்ட் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

“வாங்க மிஸ் வெர்லீன், உள்ள ஏசி போட்டிருக்கோம். அந்தப் படி துருப்பிடிச்சுப் போச்சு. யாராவது விழுந்தா யார் பதில் சொல்றது?”

“துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்கத் துப்பில்லையா உங்களுக்கு? கலர் கலரா விளக்கு மாட்ட மட்டும் தெரிஞ்சுதே! நீயும் அதுல ஏறினவன்தானே? இறங்கி வந்து என்ன சொன்னே?”

பிரென்ட்டின் காது சிவந்தது. “அப்ப எனக்குப் பதினேழு வயசு, மிஸ்...”

“சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்னே. அன்னைக்கு எங்களுக்குக் கதவைச் சாத்தினீங்க. இன்னைக்குச் சாத்தின தடயத்தையும் பூசி மெழுகிட்டீங்க.”

வாசலோரம் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. ஒரு மாணவி அதை உரக்கப் படித்தாள்: “1938 முதல் நம் ஊர் ஒன்றாகச் சிரித்த இடம்.” படித்து முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. “ஒண்ணாவா, மிஸ்?”

வெர்லீன் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். இவளாவது கேட்கிறாள். அடுத்த வருடம் வரும் பிள்ளைகள் பலகையை நம்புவார்கள். இல்லை என்று சொல்ல அவர் கையில் இனி என்ன இருக்கிறது?

சந்துக்குத் திரும்பிப் போனார். ஆகக் கீழிருந்த ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டுத் திருகினார். திரும்பி வந்தபோது விரல் செக்கச்செவேலென்று துருவாக இருந்தது. பிரென்ட் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். வெர்லீன் அவரைத் தாண்டிப் பலகையின் முன் நின்று, ‘ஒன்றாக’ என்ற சொல்லின் மேல் விரலை அழுத்தி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாக இழுத்தார்.