சாக்கு மேல பழகின அடி

கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லாத நான், மக நிச்சயதார்த்தத்தன்னிக்கு சம்பந்திகிட்ட "நானும் ஆடுவேன்"னு சொல்லிட்டேன். அவர் நேவியில இருந்து ரிட்டயர் ஆகி கொச்சியிலயே தேவராவுல இருக்கிறவர். இந்த மிளகு வியாபாரிக்கு மிளகைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு அவர் நெனச்சுடக் கூடாதேன்னு என் வாய் முந்திக்கிச்சு. "அப்ப அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போவோம்"னுட்டார்.

குடோனா நெருக்கிக் கெடக்கிற எங்க மட்டாஞ்சேரியில புல்லுக்கு எங்க போக? ஏழாம் நம்பர் அயர்ன்னு ஒரு பழைய மட்டை வாங்கினேன். குடோன்ல சாக்கை நாலா மடிச்சுப் போட்டு, அது மேல பந்தை வெச்சு, எதிர்ல தார்ப்பாய் கட்டி அடிச்சேன். எப்படி அடிச்சாலும் 'டக்'னு பறந்துச்சு. இத்தனை நாள் இந்தத் தெறமைய மிளகுல வீணடிச்சிட்டேனேன்னு நானே உருகினேன். லோடு எறக்குற சேட்டன் மட்டும் தினமும் எட்டிப் பாத்து, "முதலாளி, எலி செத்துச்சா?"ன்னு கேப்பார்.

அந்த ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கோல்ஃப் மைதானத்துல முதல் அடி. மட்டை பந்துக்கு நாலு விரல் பின்னாலயே மண்ணுல எறங்கிடுச்சு. பந்து சாயாக்கடைக்குப் போற மாதிரி மெதுவா நாலடி போய் நின்னுச்சு. பேந்த புல்லு சம்பந்தியோட வெள்ளை ஷூ மேல.

அப்பத்தான் விளங்குச்சு. சாக்குல பின்னால பட்டாலும் மட்டை வழுக்கிப் போய் பந்தைத் தட்டிடும். மண்ணு அந்த தாட்சண்யம் பாக்காது. போதாததுக்கு, மூட்டைக்குள்ள கையை விட்டு அடியில கெடக்கிற மிளகை அள்ளிப் பாத்தே பழகின கை எனக்கு. பந்தையும் அள்ளத்தான் பாக்குது.

சம்பந்தி ஷூவைத் தட்டிக்கிட்டார். கைக்குட்டையை எடுத்து பந்துக்குப் பின்னால விரிச்சார். "இதைத் தொடாம அடிங்க. வெயிட் இடது கால்ல. பந்தை நீங்க தூக்க வேணாம் சம்பந்தி, மேல இருந்து எறக்குங்க. அதுவா எழும்பும்."

அடிச்சேன். பந்தைவிட கைக்குட்டை தூரமா போச்சு.

"காத்து ஜாஸ்தி"ன்னேன். ஒரு இலை அசையல.

எட்டாவதோ ஒம்பதாவதோ அடியில பந்து முதல்ல பட்டுச்சு, புல்லு பிறகு. கைக்கு ஒண்ணுமே தெரியல, பந்து மட்டும் மேல போய்ட்டே இருந்துச்சு. "கொஞ்ச நாளா டச் விட்டுப் போச்சு, அதான்"ன்னு சொல்லி நெத்தியைத் தொடச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி மானம் தப்பிச்சுதுன்னு நிம்மதி.

திரும்பி வர்றப்ப கார்ல சம்பந்தி ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "உங்களுக்கு ஆடத் தெரியாதுன்னு உங்க மக அன்னிக்கே சொல்லிட்டா. இவ்வளவு மோசம்னு சொல்லல."