ஹெல்மியின் ஒன்பது

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று வருடம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எட்டுக் கட்டம் போட்ட தாள். கல்லூரியில் நாலு வருடம், வருடத்துக்கு இரண்டு பருவம், ஆக எட்டு. முதல் கட்டத்தில் உயிரியல், வேதியியல், கால்குலஸ், ஆங்கிலக் கட்டுரை, அப்புறம் புதியவர்களுக்கான ஒரு சின்ன வகுப்பு என்று பச்சைப் பென்சிலால் எழுதியிருந்தது. எட்டாவது கட்டத்துக்கும் கீழே, கோட்டுக்கு வெளியே, ‘மருத்துவக் கல்லூரி’. எழுதியவள் என் தங்கை ஹெல்மி கார்வோனென். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அந்தத் தாளை யாராவது தொட்டால் வீடு இரண்டுபடும்.

“ப்ரீ-மெட்னா எத்தன வருஷப் பட்டம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பட்டமே கிடையாது மக்கு. அது ஒரு பட்டியல். எந்தப் பட்டம் வேணா வாங்கலாம், ஆனா இந்தப் பாடமெல்லாம் படிச்சிருக்கணும். அதுவும் வரிசையா. ஒண்ணு தவறினா அடுத்தது கிடையாது.”

மிச்சிகனின் வடகோடியில் எங்கள் ஊர். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் யாரும் நோயில் விழக்கூடாது. அப்பா கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், பனி தள்ளும் வண்டி ஓட்டினார். அந்த வண்டியைப் பழுது பார்க்கும் கராஜில் நான் மெக்கானிக். அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இந்த வீட்டிலிருந்து ஒருத்தி டாக்டராகப் போகிறாள் என்பதில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்.

ஹெல்மிக்கு எல்லாம் வரும், கணக்கு மட்டும் வராது. எனக்குக் கணக்கு மட்டும்தான் வரும். நான் பள்ளி முடித்த வருடம் அப்பாவுக்கு முழங்கால் அறுவை. கல்லூரிக்குப் போகாமல் கராஜுக்குப் போனேன், அப்படியே இருந்துவிட்டேன். அதைப் பற்றி நான் யாரிடமும் புலம்பியதில்லை. புலம்பியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அவள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஜூன் மாதம், கணக்கில் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்க ஒரு தேர்வு வைத்தார்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எழுதலாம். இருபத்தைந்து கேள்வி. ‘இதன் மதிப்பெண் எதிலும் சேராது, நீங்கள் நிற்கும் இடத்தை அறியவே இது, யாருடைய உதவியும் பெற வேண்டாம்’ என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம். நான் சௌனாவில் நீராவிக் குளியல் முடித்துத் தலை ஈரத்தோடு சமையலறைக்கு வந்தேன். ஹெல்மி மூன்றாவது கேள்வியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நகரு” என்றேன்.

“ஆர்வோ, வேணாம்டா.”

“ஒண்ணே ஒண்ணு காட்டறேன்.”

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு இருபத்துமூன்றாயிற்று. அம்மா தட்டில் வைத்த பாஸ்டி, கறி அடைத்துச் சுட்ட பலகாரம், ஆறிப்போனது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிவில் இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. ‘கால்குலஸ் எடுக்கலாம், வேதியியல் எடுக்கலாம்’ என்று திரை சொன்னது. முதல் கட்டம் அப்படியே அவள் பென்சிலில் எழுதியபடி அமைந்துவிட்டது.

“இது தப்பில்லையா?” என்றாள்.

“மார்க்கே எதுலயும் சேராத பரீட்சைல என்னடி தப்பு? உள்ள போ. அப்புறம் படிச்சுக்கலாம்.”

ஆகஸ்ட் கடைசியில் போனாள். கல்லூரி ஏரிக்கரையில், இரண்டு மணி நேரத் தூரம். ஞாயிறுதோறும் ஃபோன் செய்வாள். எல்லாம் நல்லா போகுது, சாப்பாடுதான் சகிக்கல, அறைத்தோழி தூக்கத்துல பேசறா. கணக்கைப் பற்றி நான் கேட்டால் மட்டும் அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, அவள் காருக்குப் பனி டயர் மாட்டப் போனேன். வேலை முடித்துக் கை கழுவ அவள் அறைக்குப் போனால், எட்டுக் கட்டத் தாள் சுவரில் இருந்தது. மேசையில் ஒரு விடைத்தாள் குப்புறக் கிடந்தது. குப்புறக் கிடக்கும் தாளை நான் என்றைக்கு விட்டு வைத்தேன்? திருப்பினேன். நூற்றுக்கு முப்பத்தொன்று.

“அத வை.”

“ஹெல்மி, நான் சொல்லித் தர்றேன். தெனமும் ராத்திரி ஃபோன்ல—”

“நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்.” தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “அங்க எல்லாரும் போர்டைப் பாத்துத் தலையாட்டறாங்க. நானும் ஆட்டறேன். அவர் என்ன பேசறார்னே புரியல. ரெண்டு மாசமா நீ எழுதின பரீட்சைக்கு நான் உக்காந்திருக்கேன். கெமிஸ்ட்ரியும் போச்சு. அதுலயும் பாதிக்குப் பாதி கணக்குதான்.”

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் நிலைமையைச் சொன்னாள். மறுநாள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பாடத்தை விட்டு விலகலாம். தாண்டினால் வாங்கும் மார்க் நிலைத்துவிடும். முதல் பருவத்திலேயே இரண்டு பாடத்தில் தோற்ற பெண்ணை எந்த மருத்துவக் கல்லூரி கூப்பிடும்? ஆனால் இந்தப் பருவத்துக்கு அவள் எடுத்திருந்த பதினாறு அலகில் (கிரெடிட்) அந்த இரண்டையும் விட்டால் எட்டுதான் மிஞ்சும். பன்னிரண்டுக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுவிடும். ஒரே வழி, அடுத்த வாரம் தொடங்கும் நாலு அலகு அல்ஜீப்ரா. இருபத்துநாலு வாங்கியவளை அல்ஜீப்ராவில் சேர்க்க மாட்டார்கள். ஏன் என்று கேட்பார்கள்.

“கோடை லீவுல மறந்துபோச்சுன்னு சொல்லு.”

“ம். நீ வாயத் தொறக்காம கூட வா.”

அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் நாங்கள் பார்த்த கல்லூரி ஆலோசகர் பெலாஞ்சேக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். சளி பிடித்திருந்தது, மேசை முழுக்கக் கசங்கிய காகிதம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அன்றைக்கு அவர் பார்த்த நாற்பதாவது பிள்ளை இவளாக இருக்கலாம். நான் கதவோரம் நின்றேன்.

“இருபத்துநாலா? அப்புறம் ஏம்மா முப்பத்தொண்ணு?” மூக்கைச் சிந்தினார். “கோடைல எல்லாம் மறந்திருக்கும், இல்ல? நெறைய பேருக்கு அப்படித்தான் ஆகுது.”

கதவைத் திறந்தே கொடுத்துவிட்டார் மனுஷன். ‘ஆமா’ என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லித் தொலையேன் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. ஹெல்மி மடியில் இருந்த கையுறைகளைப் பார்த்தாள்.

“இல்ல சார். நான் எழுதல. என் அண்ணன் எழுதினான்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“இத நான் டீனுக்குச் சொல்லணும், தெரியுமா? உன் ஃபைல்ல ஏறும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துல இதப் பத்திக் கேட்பாங்க. எல்லாக் கல்லூரியிலும் கேட்பாங்க.”

“தெரியும் சார். படிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

“அந்தப் பொய்ய நானே உனக்கு எடுத்துக் கொடுத்தேனே, ஏன் வாங்கிக்கல?”

“மறந்துபோச்சுன்னு சொன்னா, ஞாபகப்படுத்திக்கோன்னு ஏதாவது நடுவுல ஒரு கிளாஸ்ல போடுவீங்க. அதுவும் எனக்குப் புரியாது. எனக்கு மறக்கல சார். எனக்குத் தெரியாது.”

 அவர் ஒரு சீட்டு எழுதினார். பக்கத்துக் கட்டிடத்தில் தேர்வு அறை. மூன்று மணிக்குள் திரும்ப எழுதிவிட்டு வரவேண்டும். சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டார்: “நீங்க எந்தக் காலேஜ்?”

“நான் காலேஜ் போகல.”

“இருபத்துநாலு” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல்.

தேர்வு அறைக்கு வெளியே நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்றேன். கண்ணாடி வழியே அவள் முதுகு தெரிந்தது. எனக்கு அங்கேதான் புத்தி வந்தது. ஜூன் மாதம் நான் அவளுக்காக எழுதவில்லை. அந்தக் கணக்குகள் எனக்கு இனித்தன, ஆறு வருடமாக யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கேட்டதும் பாய்ந்துவிட்டேன். என் ஆசையை அவள் தலையில் கட்டிவிட்டு, உதவி என்று பெயர் வைத்தேன். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தவள் முகம் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

“எத்தன?”

“ஒம்பது.”

“ஒம்பதா!”

“ஒம்பதுதான். ஆனா என்னோடது.”

அல்ஜீப்ராவில் சேர்ந்தாள். எட்டும் நாலும் பன்னிரண்டு, உதவித்தொகை பிழைத்தது. டீனிடமிருந்து ஒரே பத்தியில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நவம்பர் கடைசியில் தேங்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது பழைய தாளைக் கிழித்துவிட்டு ஃப்ரிட்ஜில் புதிதாக ஒன்று ஒட்டினாள். அதில் பத்துக் கட்டம். வேதியியல் இரண்டாம் வருடத்துக்குப் போயிருந்தது, கால்குலஸ் அதே வருடம் இரண்டாம் பாதிக்கு. அப்பா கண்ணைச் சுருக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கூடியிருக்கே” என்றார். “கூடட்டும்” என்றாள். கால்குலஸில் கடைசியில் பி வாங்கினாள். மூன்று மருத்துவக் கல்லூரிகள் நேர்காணலுக்குக் கூப்பிட்டன. மூன்றிலும் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார்கள், மூன்றிலும் நடந்ததைச் சொன்னாள். இரண்டு கைவிரித்தன. ஒன்று எடுத்துக்கொண்டது.

இதோடு நிறுத்தினால் நான் திருந்திவிட்டேன் என்று நினைப்பீர்கள். நினைக்காதீர்கள்.

அவள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம் இருந்தபோது, அக்டோபர் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தாள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அப்பாவை அழைத்துப் போனோம். சுவரில் எழுத்துப் பலகை. மேல் இரண்டு வரியை அப்பா படித்தார். மூன்றாவதில் நின்றார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று லேசாக இருமினேன்.

“ஆர்வோ, வெளிய போ” என்றாள் ஹெல்மி.

“இருமினேன். அவ்வளவுதான்.”

“எழுத்துக் கூட்டியா இருமுவ? போடா வெளிய.”

டாக்டர் சிரித்துவிட்டார். நான் நடைபாதைக்கு வந்து நின்றேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. “தெரியல” என்று அப்பா சொன்னது கேட்டது. சற்று நேரம் கழித்து, “அதுவும் தெரியல.” பிறகு ஹெல்மியின் குரல்: “சரிப்பா. தெரியலன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பலகையே.” அப்பா வெளியே வந்து வண்டிச் சாவியை என் கையில் வைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வண்டி ஏறவில்லை. என்னோடும் ஹெல்மியோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜனவரியில் ஒரு கண்ணுக்கும் மார்ச்சில் மறு கண்ணுக்கும் புரை எடுத்தார்கள்.

அடுத்த நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பள்ளிக்கூட வளைவுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து நிறுத்தியே விட்டார். பஸ்ஸுக்காக நாலு பிள்ளைகள் சாலையோரம் பனியில் நின்றுகொண்டிருந்தன. ஒரு குட்டிப் பெண் கையசைத்தாள்.

“இவங்க தெனமும் இங்கதான் நிப்பாங்களாடா?”

“எப்பவும் இங்கதான்பா.”

“நான் பார்த்ததே இல்லையே” என்றார்.

அதற்கு முந்தைய பரிசோதனையின்போது ஹெல்மி ஊரில் இல்லை. அன்றைக்கும் நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று இருமியிருந்தேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அப்பா அந்த மூன்று வரியையும் படித்துப் பாஸ் ஆகி, அதன் பிறகு இரண்டு குளிர்காலம் இந்த வளைவில் வண்டி ஓட்டியிருக்கிறார்.