அலுமாரியின் நடுத்தட்டு

கைப்பேசியில் ஒரு பெண், சின்ன வீட்டில் இடத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் இழுப்பறை, கதவுக்குப் பின்னால் கொக்கி. ஒரு சாண் இடத்தையும் சும்மா விடாதீர்கள் என்று சிரித்தாள். நான் அவளை அந்தச் சிரிப்போடு நிறுத்திவிட்டேன்.

எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இலங்கையில், எஹலியகொடவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றைக் காம்பரா, ஒரே ஓர் அறை. கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி அதனடியில் விறகு, விறகின்மேல் பூசணிக்காய். சட்டிக்குள் சட்டி, அதற்குள் சட்டி, கடைசிச் சட்டிக்குள் வெள்ளைப்பூண்டு. அப்பாவின் பால்வெட்டுக் கத்தி கூரை மரத்தில் செருகியிருக்கும். நல்ல துணியெல்லாம் தலையணை உறைக்குள் இருக்கும். தீபாவளி வந்தால் எங்கள் தலையணைகள் மெலிந்துபோகும். என் புத்தகப் பைக்குக் கதவின் பின்னால் ஓர் ஆணி கிடைத்திருந்தது. கூரை ஒழுகுகிற இடமும் அதுதான். என் கணக்குப் புத்தகம் வருடத்தில் பாதி நாள் ஊறியே கிடந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு சித்தி வந்தாள். டவுன் பக்கத்துப் பெண். கூடவே லொறியில் ஓர் அலுமாரியும் வந்தது. ஆளுயரக் கண்ணாடி பதித்த, பலா மரத்து அலுமாரி. வாசலில் அது நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். லயமே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. "பேசாம இந்த அலுமாரிக்குள்ள வீட்ட வச்சிருவோம்" என்றார் அப்பா. கடைசியில் நிலையைப் பெயர்த்தெடுத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

காம்பராவின் நடுவில் நின்று அது சுவராகிவிட்டது. அதன் முதுகு எங்கள் பக்கம், கண்ணாடி சித்தப்பா சித்தி பக்கம். அம்மா அப்பா தம்பி நான் முதுகுக்கு இந்தப் புறம் படுத்தோம். அந்தப் புறம் போகவேண்டுமென்றால் அம்மா முதலில் இருமுவாள். அந்த வீட்டில் கதவு தட்டுவதென்பது இருமல்தான். எனக்குப் புரியாது. "அம்மாவுக்குச் சளி" என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலேயே காய்ந்த இடம் அலுமாரியின் வயிறு என்று அம்மா கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. முதலில் கோதுமை மாவு குடியேறியது. பிறகு அப்பாவின் வெள்ளை வேட்டி, தம்பியின் போர்வை, அம்மன் படத்துக்குப் போடுகிற பட்டுத்துணி. சித்தி முகம் சுளிக்கவேயில்லை. தன் சேலைகளை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் அவற்றைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். ஆனால் நடுத்தட்டை மட்டும் விடவில்லை. மூன்று தட்டில் நடுத்தட்டு; அதில் ஒரு பொருளும் இல்லை. தினமும் ஈரத்துணியால் துடைப்பாள். துடைத்துவிட்டு அதன் வெறுமையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அது வைகாசி. எங்கள் சப்ரகமுவ மழை ஒருமுறை பிடித்துக்கொண்டால் நாள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. என் பை நனைந்து நாறியது. அம்மா இருமிவிட்டு உள்ளே போனாள்.

"புள்ள, இவ புத்தகத்த அந்த நடுத்தட்டுல வச்சிக்கவா?"

"அது இருக்கட்டும்க்கா."

"எது இருக்கட்டும்? அதுலதான் ஒண்ணுமே இல்லியே!"

"அதத்தாங்க்கா சொல்றேன். அப்படியே இருக்கட்டும்."

அம்மா வெளியே வந்து அடுத்த காம்பராவுக்கும் கேட்கிற குரலில் அப்பாவிடம் சொன்னாள்: "காத்துக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருக்காங்க உங்க தம்பி பொஞ்சாதி. நம்ம புள்ள புத்தகத்துக்கு இல்லியாம். டவுன்காரி பவுசு!"

அப்பா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, ஒன்றும் கேட்காதவர்போல ஊதிக்கொண்டிருந்தார். "டவுன்காரி" என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில்கூட மற்றப் பெண்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் மனதுக்குள் கூப்பிட்டேன்.

எங்கள் சனத்தில் பிறக்காத பிள்ளைக்கு ஒரு முழத் துணிகூட வாங்கி வைக்கமாட்டார்கள். கண் பட்டுவிடும். தொட்டில் பேசக்கூடாது, பெயர் யோசிக்கக்கூடாது, வயிறு தெரிகிறவரை வெளியே மூச்சு விடக்கூடாது. இடம் வைக்கக்கூடாதென்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. சித்தி அந்தச் சின்ன இடைவெளியில் புகுந்துகொண்டிருந்தாள். இதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு, பேச்சோடு பேச்சாக அம்மா என்னிடம் சொன்னது. சொல்லிவிட்டு, தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் இருமியே இருக்கமாட்டேன் என்றாள்.

மழை விட்ட ஒரு காலையில் பால் வெட்ட மலைக்குப் போன சித்தியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். பால் வாளி வழியிலேயே கிடந்ததாம். அப்பா எங்கேயோ ஓடி ஒரு த்ரீவீலரைப் பிடித்து வந்தார். அம்மாவும் ஏறிக்கொண்டாள். "சித்திக்கு வயித்து வலி, நீ தம்பியப் பாத்துக்க" என்றாள் என்னிடம். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சித்தி நடந்துதான் வந்தாள். ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்றாள். அம்மா அவளை உட்காரவைத்து மிளகும் பூண்டும் மஞ்சளும் வைத்துக் காயம் அரைத்தாள். பிள்ளை பெற்றவர்களுக்கு அரைக்கிற காயம். வயிற்று வலிக்கும் அது நல்லது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இருமவில்லை; அலுமாரி ஓரத்திலேயே நின்று, "தங்கச்சி, வரட்டுமா?" என்று கேட்டாள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி என்னைக் கூப்பிட்டாள். அலுமாரியின் ஒரு கதவு திறந்திருந்தது.

"ஒம் புத்தகமெல்லாம் கொண்டாடி. இங்க வையி. இனிமே இது ஒனக்குத்தான்."

எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம்! அள்ளிக்கொண்டு ஓடினேன். பெரிய புத்தகம் கீழே, சின்னது மேலே, பென்சில் டப்பா ஓரத்தில். மூடியிருந்த மற்றக் கதவின் கண்ணாடிக்குள் இன்னொரு நானும் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் தங்கச்சி. எடுத்திரச் சொல்றேன். அது சும்மாவே கெடக்கட்டும்."

"சும்மா கெடந்தா எலிதாங்க்கா வந்து குட்டி போடும்" என்றாள் சித்தி.

இழுத்து மூடிய கண்ணாடி அலுமாரிக்குள், பெரிய வீட்டுக்காரிபோல ஓர் எலி குட்டிகளை வரிசையாகப் படுக்கவைப்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். சித்தி அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். சித்தியும் இப்போது சிரிப்பாள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து என் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்து, ஈரம் போகட்டும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மழை நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தப் புத்தகம் காய்ந்துதான் இருந்தது.